ஆறு ஓட்டம், ஆறு நடை

மருதாயி ஓடுகிறாள் என்ற செய்தி தோட்டத்து லய வீடுகளுக்கு வந்து சேர்ந்தபோது, "யாரோட?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்டார்கள். முப்பத்தொரு வயது, பெரியவளாகப் போகிற ஒரு மகள், ரப்பர் ஸ்டோரில் ஷீட் உருட்டுகிற புருஷன். இத்தனையும் உள்ள பொம்பிளை ஓடுகிறாள் என்றால் பாறையடித் தோட்டத்தில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. அப்புறந்தான் தெரிந்தது, அவள் ஒருவனோடும் ஓடவில்லை, தனியாகத்தான் ஓடுகிறாள், ஓடிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறாள் என்று. அது அதைவிட மோசம் என்றார் செல்லையா கங்காணி.

"ஒருத்தனோட ஓடுனா நாலு பேர வச்சுப் பேசி முடிச்சிரலாம். இதுக்கு யாரக் கூப்புட்டுப் பேசுறது, சொல்லு பாப்பம்?"

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் அது. தை பிறந்து கொஞ்ச நாள். ரப்பர் இலை சிவந்து உதிர்கிற காலம். அந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, வருஷத்தில் அந்த ஒரு மாசந்தான் ரப்பர் மலைக்குள் வானம் தெரியும். மற்றக் காலமெல்லாம் பகலிலும் மங்கல், காலில் அட்டை, சொதசொதவென்று மண். தை பிறந்தால் தரையெல்லாம் சருகு மொறுமொறுக்கும், ஸ்டோர்ப் புகையின் வாசம் லயம்வரைக்கும் வரும், மேட்டில் ஏறி நின்றால் எஹலியகொட டவுன்பக்கத்து வயல்கூடக் கண்ணுக்குப் படும். இன்றைக்குக் கொழும்பிலும் குவைத்திலும் கிடக்கிற பாறையடிப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், தோட்டம் என்றதும் அந்த மாசத்தைத்தான் சொல்வார்கள்.

மருதாயி பதினெட்டு வயசிலிருந்து பால் வெட்டுகிறவள். விடியப் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு மலைக்குள் இறங்கினால், வெயில் ஏறுவதற்குள் முந்நூறு மரத்தை முடித்துவிடுவாள். பால் வெட்டு என்பது சும்மா கத்தியைப் போட்டு இழுக்கிற காரியமில்லை. பட்டையைச் சீவ வேண்டும், உள்ளே இருக்கிற கட்டையைத் தொடக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கடுதாசி கனம் இருந்தால் பெரிது. கத்தி கட்டையைத் தொட்டால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து பிறகு வெட்டவே உதவாது. மருதாயி வெட்டின மரத்துக்கு வெட்டினதே தெரியாது என்று கங்காணியே சொல்லுவார், வேறு யாரையும் அவர் புகழ்ந்ததை நான் கேட்டதில்லை.

இன்றைக்கு வெட்டின மரத்தை நாளைக்கு வெட்டுவதில்லை. பால் ஊறுவதற்கு மரத்துக்கு ஒரு நாள் வேண்டும். ஆகவே இன்றைக்கு இந்த மலை, நாளைக்கு அடுத்த மலை என்று மாறி மாறிப் போவார்கள். "மரத்துக்கு லீவு இருக்கு, வெட்டுறவளுக்குத்தான் இல்ல" என்று பெரட்டுக்களத்தில் பொம்பிளைகள் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த வருஷம் மருதாயிக்குக் கொடுத்திருந்த ஏழாம் நம்பர் மலையில் அந்த லீவும் இல்லை. அது கிழட்டு மலை. மாசி முடிய மரங்களைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று வைப்பதாக ஏற்பாடு. பிடுங்கப்போகிற மரத்துக்கு என்ன மரியாதை? தினமும் வெட்டு, இரண்டு பக்கமும் வெட்டு, கை எட்டாத உயரத்தில் ஏணி வைத்தும் வெட்டு. இருக்கிற பாலை ஒட்ட எடுத்துவிட வேண்டும் என்பது துரையின் கட்டளை.

இப்படி இருக்கும்போதுதான் பஸீஹா ஒருநாள் பின்னேரம் குடையும் கையுமாக லயத்துக்கு ஏறி வந்தாள்.

பஸீஹாவும் மருதாயியும் டவுனில் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே வாங்குப் பலகையில் இருந்து படித்தவர்கள். பஸீஹா மாவனல்லையில் பிறந்து, வாப்பாவின் கடைக்காக எஹலியகொடைக்கு வந்த பிள்ளை. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் சுகாதாரமும் விளையாட்டும் படிப்பிக்கிற டீச்சர். படிக்கிற காலத்தில் ஆயிரத்தைந்நூறு மீட்டரில் மருதாயி முதலாவது, பஸீஹா இரண்டாவது. எந்த வருஷமும் அது மாறியதில்லை. எண்பத்து நாலில் இரத்தினபுரியில் பெரிய போட்டிக்கு மருதாயியைத் தெரிவு செய்தார்கள். கலவரம் நடந்து ஒரு வருஷம் ஆகியிருக்கவில்லை. பதினாறு வயசுப் பெட்டையை அவ்வளவு தூரம் பஸ்ஸில் அனுப்ப மாட்டேன் என்று அவள் அப்பா கதவடியில் குந்திவிட்டார். அவளுடைய இடத்தில் பஸீஹா போனாள். மருதாயி அன்றைக்கு முழுக்கச் சோறு தின்னவில்லை. அடுத்த வருஷம் பள்ளிக்கூடமும் நின்றது, அதற்கடுத்த வருஷம் கத்தியைப் பிடித்தவள்தான்.

"சித்திரை வருசத்துக்கு டவுன் கிறவுண்டுல மரதன் ஓட்டம் வைப்பாங்கதானே," என்றாள் பஸீஹா, வந்த மூச்சு அடங்குமுன். "இந்த முறை பொம்பிளைகளுக்கும் ஈக்கிது. பத்துக் கிலோமீட்டர். மொத மூணு பேரை இரத்தினபுரிக்கு மாகாணப் போட்டிக்குக் கொண்டுபோறாங்க."

"அதுக்கு?"

"அதுக்கு எனத்த? நீ ஓடு."

மருதாயி சிரித்தாள். சிரித்துவிட்டு அடுப்பில் இருந்த தேத்தண்ணியை இறக்கப் போனவள், இறக்காமல் அப்படியே நின்றாள். இரத்தினபுரி என்ற சொல் அவளை எங்கோ பிடித்து இழுத்துவிட்டது.

"இந்த வயசுலயா பஸீஹா?"

"வயசக் கேட்டா ஓடுறாங்க? கால் ஈக்கிதா, காணும்."

அவள் புருஷன் இந்திரகுமார் ஸ்டோரிலிருந்து புகை நாற்றத்தோடு வந்தவன் விஷயத்தைக் கேட்டு, "ஓடட்டுமே டீச்சர். வீட்டுல என்னய வெரட்டுற நேரத்துக்கு றோட்டுல ஓடட்டும்" என்றான். அவ்வளவுதான் அனுமதி.

டவுனுக்குப் போகிற றோட்டில், மழைத் தண்ணீர் குறுக்கே போவதற்கு வெள்ளைக்காரன் காலத்தில் கட்டின போக்குகள் உண்டு. இரண்டு போக்குக்கு நடுவில் நானூறு மீட்டர் என்று பஸீஹா பள்ளிக்கூடத்து அளவு நாடாவால் அளந்து வைத்திருந்தாள். தேர்தல் காலமாதலால் போக்குச் சுவர் முழுக்க வேட்பாளர்களின் முகங்கள். அந்த முகங்களுக்குப் பக்கத்தில் பஸீஹா ஸ்டாப்வாட்சோடு குந்திக்கொண்டாள்.

"சும்மா ஒரே வேகத்துல ஓடிப் பழகினா, என்டைக்கும் அந்த வேகந்தான். வெளங்குதா? இந்தப் போக்குல இருந்து அந்தப் போக்கு வரைக்கும் உசிர விட்டு ஓடு. பொறகு நடந்து திரும்பி வா. கழுத்துல வெரல வச்சுப் பாரு, நெஞ்சு அடங்கினதும் திரும்ப ஓடு. ஆறு ஓட்டம், ஆறு நடை."

"நடக்குறதுக்கு எதுக்கு இவ்வளவு தூரம் வரணும்? நடைய விட்டுட்டுப் பன்னெண்டு ஓட்டமா ஓடிர்றேனே."

"பாத்தியா, எண்ணிச் சம்பளம் குடுக்கிற கொந்தராப்பு வேல எண்டு நெனச்சிட்டா! நடையும் பயிற்சிதான் புள்ள. நடக்கிற நேரத்துலதான் ஒடம்பு அடுத்த ஓட்டத்துக்கு ஆயத்தமாகுது. செவ்வாயும் சனியும் இது. ஞாயித்துக்கிழம மெதுவா ஒரு நீட்டு ஓட்டம். மத்த நாள் ஒண்டுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா?"

"ஒண்டுமில்ல எண்டா ஒண்டுமில்ல. சும்மா வீட்டுல ஈ."

கணக்குத் தப்பாமலிருக்க மருதாயி ஆறு ரப்பர் கொட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு ஓட்டம் முடியவும் ஒன்றைக் கீழே போட்டாள். வெறுங்காலோடுதான் ஓடினாள். பாவாடைக்குள்ளே இந்திரகுமாரின் பழைய காற்சட்டை. ஐடென்டிட்டி கார்டை சொப்பிங் பேக்கில் சுற்றி ரவிக்கைக்குள் வைத்திருந்தாள், சந்தியில் பொலிஸ் நிற்கிற காலம் அது. முதல் ஓட்டத்தில் தொண்டை எரிந்தது. மூன்றாவதில் வாந்தி வருகிறாற்போல இருந்தது. ஆறாவதில், எங்கிருந்து வந்ததோ, கால் தானாகப் போனது. பதிமூன்று வருஷமாக வாளி சுமக்கவும் பிள்ளை சுமக்கவுமே ஆகியிருந்த உடம்பு, தன் பேச்சைக் கேட்டு ஓடுவதை அன்றைக்குத்தான் மறுபடி பார்த்தாள். கடைசிக் கொட்டையைப் போட்டுவிட்டுப் போக்குச் சுவரில் சாய்ந்து, வேட்பாளர் ஒருவரின் மூஞ்சியில் வியர்வையைத் துடைத்தபடி சத்தமாகச் சிரித்தாள். பஸீஹாவும் சிரித்தாள்.

மாசியில் அவளுடைய நேரம் நன்றாகக் குறைந்தது. நானூறு மீட்டர் நூற்றிருபது விநாடியில் தொடங்கியது, நூற்றைந்துக்கு வந்தது. லயத்துக்காரர்களுக்கும் பழகிப்போனது. "மருதாயி ஓடிட்டா, மணி நாலு" என்று உலை வைக்கத் தொடங்கினார்கள்.

மாசி கடைசியில் ஏழாம் நம்பர் மலையைப் பிடுங்கினார்கள். செல்லையா கங்காணி மருதாயியைக் கூப்பிட்டு, பன்னிரண்டாம் நம்பரைக் கொடுத்தார். அது இளம் மலை, ஆறு வருஷத்துக் கன்று, அந்த வருஷந்தான் முதல் தடவையாகப் பட்டை திறக்கிறார்கள். கன்னி மரத்தில் முதல் வெட்டுப் போடக் கைராசி பார்த்துத்தான் ஆள் விடுவார்கள். கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, முதல் மரத்தைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் மருதாயி கத்தியை வைத்தாள்.

பங்குனி முதல் கிழமையில் ஒரு காயம். இரண்டாம் கிழமையில் இன்னொன்று. தீக்குச்சியை வெட்டுக்குள் விட்டுப் பார்த்த செல்லையா கங்காணி, குச்சியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மருதாயி, ஒங் கையா இது?"

"தெரியாம பட்டிருச்சு மாமா."

"பதிமூணு வருசமா தெரியாமக்கூடப் படல. இப்ப என்னா வந்துச்சு? மல பாக்க வர்ற ஐயா பாத்தாருன்னா கத்தியப் புடுங்கிட்டுப் புல்லு வெட்ட அனுப்பிருவாரு. நான் ரெண்டு தரம் மறச்சிட்டேன். மூணாவது தரம் நானே சொல்லிருவேன், ஆமா."

காயம் பட்ட இடத்தில் அவர் சுண்ணாம்புப் பொட்டு வைத்துவிட்டுப் போனார். மருதாயி வலது கையை விரித்துப் பிடித்துப் பார்த்தாள். விரல்கள் இலேசாக நடுங்கின. கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள், யாரும் பார்க்கவில்லை என்றாலும்.

ஓட்டமும் கெட்டுக் கிடந்தது. நூற்றைந்து விநாடி நூற்றுப் பத்தாகி, நூற்றுப் பதினைந்தாகியது. நெஞ்சு அடங்க முன்னைவிட நேரம் பிடித்தது. படியேறினால் தொடை இரண்டும் கல்லாகக் கனத்தன. படுத்தால் தூக்கமில்லை, சோற்றைக் கண்டால் பசியில்லை. பஸீஹா கடதாசியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, "எங்கயோ பிழைக்கிது, எங்க எண்டுதான் வெளங்குதில்ல" என்று தலையைச் சொறிந்தாள்.

எங்கே என்று மருதாயிக்குத் தெரியும். சொல்லவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் பஸீஹா கருப்பட்டி போட்டு அவித்த வட்டிலப்பம் கொண்டு வந்தாள். இந்திரகுமார் அன்றைக்கு வீட்டில் இருந்தான். மருதாயி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள், அம்மியில் சம்பலுக்கு மிளகாய் கிடந்தது. டீச்சருக்குப் பலகையைப் போட்டுவிட்டு, இந்திரகுமார் மெதுவாகப் பேச்சை எடுத்தான்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. நீங்க படிச்சவங்க. தெனம் ரெண்டு வேள ஓடுனா ஒடம்பு தாங்குமா?"

"தெனமா?" பஸீஹா நிமிர்ந்தாள். "ரெண்டு வேளையா?"

ரொட்டி தட்டுகிற சத்தம் நின்றது.

"மருதாயி, இங்க பாரு. நான் கிழமைக்கு எத்தன நாள் சொன்னன்?"

"நீட்டு ஓட்டத்தோட மூணு."

"நீ எத்தன நாள் ஓடுற?"

மருதாயி தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஏழும்."

"அல்லாவே! ஏழுமா?"

"வெள்ளன பெரட்டுக்கு முந்தி ஒருக்கா. பொறகு அந்தியில. நீ வர்ற நாள்ல நீ சொன்னபடி. நீ வராத நாள்ல பன்னெண்டு."

"நடை?"

"நடக்கல."

பஸீஹாவுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. வட்டிலப்பக் கோப்பையை ணங்கென்று வைத்தாள். "நான் எனத்துக்கு வெயில்ல வந்து குந்திக்கிட்டு ஈந்தன், பைத்தியக்காரியா? சொல்லு! எனத்துக்கு இந்த வேல பாத்த?"

மருதாயி அடுப்பு விறகை வெளியே இழுத்தாள். குரல் உயரவில்லை.

"ஏழாம் நம்பர்ல என்னா செஞ்சோம் பஸீஹா? புடுங்கப்போற மரத்துக்கு யாரு லீவு குடுக்குறா? இருக்குறத பூராவும் எடுத்துட்டுத்தானே புடுங்குனாங்க. எனக்கு இந்த ஒரு வருசந்தான் இருக்கு. நிரோஷாவுக்குப் பன்னெண்டு. வர்ற வருசம் பெரியவளாகிருவா. சமஞ்ச பொண்ண வீட்டுல வச்சிக்கிட்டு ஆத்தாக்காரி காச்சட்டையோட றோட்டுல ஓடுவாளா? லயம் காறித் துப்பாது? அன்னைக்கு அப்பா விடல. நாளைக்கு மக இருக்கா. நடுவுல இந்த ஒரு சித்திரைதான் எனக்குன்னு கெடச்சிச்சு. ஒடம்புல இருக்குறதப் பூரா எடுத்துட்டா, இரத்தினபுரிய ஒரு தடவ பாத்துட்டா, பொறகு என்னமும் ஆகட்டும்."

வெளியே யாரோ கோழியை விரட்டுகிற சத்தம் கேட்டது. இந்திரகுமார் குந்தியிருந்த இடத்தை விட்டு எழும்பாமல், தன் பெண்சாதியை நேருக்கு நேர் பார்த்தான். அவன் பேசுவதே குறைவு, பேசினாலும் பகிடியாகத்தான் பேசுவான்.

"ஒன்னயப் புடுங்கப் போறோம்னு யாரு மருதாயி சொன்னா?"

அவ்வளவுதான் கேட்டான். மருதாயிக்கு அழுகை வந்தது, நாலு பேர் செத்த வீட்டுக்கு அழுகிற அழுகை. அழுதுகொண்டே கருகின ரொட்டியைப் புரட்டினாள்.

பஸீஹா கிட்டப்போய் அவள் முதுகில் கையை வைத்தாள். "கேளு. எண்பத்தி நாலுல ஒன்ட எடத்துல நான் போனன்தானே. வந்து எல்லாருக்கும் என்ன சொன்னன்?"

"அஞ்சாவது வந்தேன்னு."

"அஞ்சாவது இல்ல. கடைசி. எனக்குப் பொறகு வந்தது அம்புலன்ஸ் மட்டுந்தான். ஒன்ட மூஞ்சியப் பாக்க ஏலாம அஞ்சாவது எண்டு சொன்னன். இத்தின வருசம் அது நெஞ்சுக்குள்ள கெடக்குது."

மருதாயி அழுகையை நிறுத்தி அவளைப் பார்த்தாள். "கடைசியா?"

"கடைசி!"

"அடி பாவி. நான் அன்னைக்குச் சோறு திங்காமக் கெடந்தேன்டி!" என்று சொல்லி மருதாயி மூக்கைச் சிந்தினாள். அப்புறம் மூவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கருகின ரொட்டியை வட்டிலப்பத்தோடு தின்றார்கள்.

அன்றிலிருந்து பத்து நாள் ஓட்டமே கூடாது என்று பஸீஹா சட்டம் போட்டாள். பத்து நாளும் முடிய, சித்திரைப் பிறப்புக்கு முன் இரண்டே இரண்டு தரம், ஆறு ஓட்டமும் ஆறு நடையுமாக. அதோடு போட்டிவரை ஒன்றுமில்லை.

ஓடுவதைவிடச் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று சும்மா இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மலை வேலை முடிந்து வந்து, பகல் இரண்டு மணிக்குப் பாயில் படு என்றால் தோட்டத்துப் பொம்பிளைக்குப் படுக்கத் தெரியுமா? முதல் நாள் படுத்தவள் பத்து நிமிஷத்தில் எழும்பி காம்பரா முழுக்கச் சாணி மெழுகினாள். இரண்டாம் நாள் வீட்டிலுள்ள துணியெல்லாம் தோய்த்தாள். மூன்றாம் நாள் பீலியில் தண்ணீர் எடுக்கப் போனவளின் கையிலிருந்து இந்திரகுமார் குடத்தைப் பிடுங்கிக்கொண்டான். ஆம்பிளை குடத்தோடு பீலிக்கு வந்ததை லயமே வாசலில் நின்று பார்த்தது.

"என்னா இந்திரா, மருதாயிக்கு மசக்கையா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஆமாக்கா. மரதன் மசக்க" என்றான் அவன், கூச்சமே இல்லாமல்.

நாலாம் நாள் அவள் தூங்கினாள். பகல் இரண்டுக்குப் படுத்தவள் ஐந்து மணி மழைக்குத்தான் விழித்தாள். பங்குனி கடைசியில் பின்னேர மழை தொடங்கிவிட்டிருந்தது, தகரத்தில் விழுகிற சத்தம் காதை அடைத்தது. புதுத்தளிர் வந்த ரப்பர் மலை மழையில் பச்சைப்பசேலென்று நின்றது. வயிறு பசித்தது. பலாக்கொட்டைக் கறியும் நெத்தலியும் போட்டு இரண்டு கோப்பைச் சோறு தின்றாள். பசி எடுத்துத் தின்று எத்தனை நாளாகிவிட்டது என்று நினைத்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது. மகள் நிரோஷா பக்கத்தில் இருந்து எண்ணெய் தேய்த்துக் கால் பிடித்துவிட்டாள். "ஒங்க காலு மரக்கட்ட மாதிரி இருக்கும்மா," என்று அவள் சொன்னதும், "இப்பதான் மெதுவாகுது, நல்லா புடி" என்றாள் மருதாயி.

பன்னிரண்டாம் நம்பரில் செல்லையா கங்காணி தீக்குச்சியோடு வந்தார். எட்டு மரம் பார்த்தார். ஒன்பதாவதைப் பார்க்காமலே குச்சியைக் காதில் சொருகிக்கொண்டு, "ம், கை வந்திருச்சு" என்றார். சித்திரைப் பிறப்புக்கு முந்தின சனிக்கிழமை போக்கடியில் ஆறு தரம் ஓடியபோது ஆறுமே நூற்றிரண்டு விநாடி. பஸீஹா ஸ்டாப்வாட்சைக் காதில் வைத்து ஆட்டிப் பார்த்தாள், பழுதாகிவிட்டதோ என்று.

வருஷப்பிறப்புக்கு அடுத்த ஞாயிறு டவுன் கிறவுண்டில் போட்டி. றபான் மேளம் தட்டுகிற சத்தம், கொக்கிஸ் பொரிக்கிற வாசம், வழுக்கு மரத்தில் ஏறி ஏறி விழுகிற பெடியன்கள். தோட்டத்திலிருந்து ஒரு லொறி நிறைய ஆள் வந்திருந்தது. இருபத்து மூன்று பொம்பிளைகள் கயிற்றுக்குப் பின்னால் நின்றார்கள். முக்கால்வாசி நாட்டுப்பக்கத்துச் சிங்களப் பிள்ளைகள், சப்பாத்துப் போட்டவர்கள், பாதிப் பேருக்கு இருபது வயதுகூட இருக்காது. மருதாயியின் பாவாடையைப் பார்த்து இரண்டு பேர் வாயைப் பொத்தினார்கள். பஸீஹா காதோடு சொன்னாள்: "மொத ரெண்டு கிலோமீட்டருக்கு ஒருத்தரையும் முந்தாத. ஓடட்டும், பாத்துக்கிட்டு போ."

அவள் அப்படியே செய்தாள். முதல் இரண்டு கிலோமீட்டரில் பதினைந்தாவது ஆளாக இருந்தாள். ஐந்தாம் கிலோமீட்டர்க் கட்டையில் பீப்பாயைச் சுற்றித் திரும்பும்போது எட்டாவது. வாயைப் பொத்தின இரண்டு பேரும் வீதியோரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஏழாம் கட்டையில் ஐந்தாவது. தார் றோட்டு சுடத் தொடங்கியது, ஆனால் நெஞ்சு சொன்னபடி கேட்டது. எட்டாம் கட்டையில் ஒருத்தியை முந்தினாள், ஒன்பதாம் கட்டையில் இன்னொருத்தியை. மூன்றாவது! டவுன் கடைவாசலெல்லாம் சனம். "துவன்ன நங்கி, துவன்ன!" என்று சிங்களத்தில் ஓடச்சொல்லிக் கத்தினார்கள். கிறவுண்ட் வாசலில் செல்லையா கங்காணி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, "விடாத மருதாயி! இழுத்து இழுத்து ஓடு!" என்று தொண்டை கிழியக் கத்தியதை அவள் கேட்டாள். இரத்தினபுரி அவள் கைக்குள் இருந்தது.

பின்னால் காலடிச் சத்தம் வந்தது. சின்னப் பிள்ளையின் இலேசான காலடி. மருதாயி மிச்சமிருந்த வேகத்தைத் தேடினாள். கொஞ்சம் வந்தது. இன்னும் கேட்டாள், வரவில்லை. பங்குனியில் பஸீஹாவுக்குத் தெரியாமல் விடியக்காலைகளில் ஓடிச் செலவழித்ததெல்லாம் அந்த நூறு மீட்டரில் இல்லாமல் இருந்தது. பத்து நாளில் ஊறியது இவ்வளவுதான். சிவப்புச் சட்டைப் பிள்ளை பக்கத்தில் வந்தாள், தோளோடு தோள் உரசினாள், கயிற்றடியில் ஒரு கை நீளம் முந்திப் போனாள்.

நாலாவது.

மருதாயி புல்லில் முழங்காலில் விழுந்தாள். இந்திரகுமார் ஓடி வந்து தலையில் தண்ணீர் ஊற்றினான். வயிற்றிலிருந்து அழுகை வந்தது, அவள் மறைக்கவில்லை. அந்தச் சிவப்புச் சட்டைப் பிள்ளைகூடத் திரும்பி வந்து, "அக்கே, அக்கே" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

பஸீஹா ஸ்டாப்வாட்சை நீட்டினாள். அவள் கன்னமும் நனைந்திருந்தது. "நாப்பத்தஞ்சு நிமிசம் புள்ள. மாசியில ஒனக்கு இதே தூரம் அம்பது. பங்குனிய வீணாக்காம ஈந்தீந்தா…"

"சொல்லாத," என்றாள் மருதாயி. "எனக்குத் தெரியும்."

பரிசு கொடுத்தார்கள். மூன்று பேரும் பலகையில் ஏறி நின்றார்கள். மருதாயி கடைசிவரை நின்று கை தட்டினாள், சிவப்புச் சட்டைக்குக் கூடுதலாக. வெயில் ஏறி, சனம் கலைந்து, லொறிக்காரன் ஹோர்ன் அடிக்கத் தொடங்கினான். "வா, போவம்" என்று இந்திரகுமார் கூப்பிட்டபோது, அவள் லொறிப் பக்கம் போகாமல் மேசைப் பக்கம் நடந்தாள். அங்கே விழாச் சபையின் காரியதரிசி மஹத்தயா புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"மஹத்தயா, அடுத்த வருஷம் என்றைக்கு?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "இதே போலத்தான் நங்கி. வருஷப்பிறப்புக்கு அடுத்த ஞாயிறு."

"என் பெயரை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்."

மனுஷருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல், கட்டின புத்தகத்தை அவிழ்த்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பெயரைக் கேட்டார், சொன்னாள். தோட்டத்தைக் கேட்டார், சொன்னாள். பின்னால் வந்து நின்ற இந்திரகுமாரும் பஸீஹாவும் ஒன்றும் விளங்காமல் பார்த்தார்கள்.

"வயது?"

"முப்பத்திரண்டு."

"முப்பத்தொண்டுதானே?" என்றாள் பஸீஹா, அவள் காதுக்குள்.

"அடுத்த வருசத்துக்குத்தானே எழுதுறாரு" என்றாள் மருதாயி.